கனமானது உள்ளே, லேசானது வெளியே: கோள்கள் அப்படித்தான் பிரிந்தனவா?

தெர்மாகோல் அம்மா:
ஏழாம் வகுப்பு மகளின் அறிவியல் கண்காட்சிக்காக மூன்று நாட்களாக வீடெல்லாம் தெர்மாகோல் துகள். புடவையில் ஒட்டியது உதறினாலும் போவதில்லை. எட்டுக் கோள்களுக்கும் சாயம் பூசிக் கம்பியில் குத்தியாகிவிட்டது. பக்கத்தில் வைக்கும் அட்டையில், "சூரியனின் ஈர்ப்பால் கனமான பாறையும் இரும்பும் உள்ளே வந்தன, லேசான வாயுக்கள் வெளியே ஒதுங்கின" என்று எழுதிக் கொடுத்தேன். மகள் படித்துவிட்டு, "சூரியனே ஹைட்ரஜன்தானே அம்மா? லேசானது எப்படி நடுவில் போய் உட்கார்ந்தது?" என்கிறாள். பதில் தெரியாமல் அட்டையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் கண்காட்சி.

ஓய்வுபெற்ற இயற்பியல்:
கவிழ்த்து வைத்தால் போதாது அம்மா, கிழித்துவிடுங்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். முதல் சில ஆண்டுகள் இதே பொய்யை நானும் கூசாமல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளைகூட உங்கள் மகளைப்போல் கேட்கவில்லை.

சுமார் 457 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு வாயுமேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கியது. சுருங்கச் சுருங்கச் சுழற்சி கூடித் தட்டையானது. மேகத்தில் 98 சதவீதம் ஹைட்ரஜனும் ஹீலியமும். நடுவில் திரண்ட சூரியனும் அதே கலவைதான்; மொத்த நிறையில் 99.8 சதவீதத்துக்கு மேல் அதுவே எடுத்துக்கொண்டது. மிஞ்சிய தட்டில் தூசும் வாயுவும் எங்கும் கலந்தே கிடந்தன. எடை பார்த்து யாரும் பிரிக்கவில்லை. பிரித்தது வெப்பம்.

கற்பூரத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள். உருகாமலே கரைந்து போய்விடும். (டப்பாவில் மிளகு போட்டால் கரையாது என்பார் என் மனைவி. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.) விண்வெளியில் பனிக்கட்டியும் அப்படித்தான், நடுவே தண்ணீராகும் கட்டமே கிடையாது. ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கீழே 100 டிகிரி செல்சியஸ்: அதைவிடச் சூடு என்றால் ஆவி, குளிர் என்றால் பனி. அந்த எல்லை சூரியனிலிருந்து சுமார் 40 கோடி கிலோமீட்டரில், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருந்தது. பனிக்கோடு என்பார்கள்.

கோட்டுக்கு உள்ளே ஒட்டிக்கொள்ளக் கிடைத்தது பாறைத் தூசும் உலோகமும் மட்டும். மேகத்தில் அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் உள்கோள்கள் சிறியவை. வெளியே அதே தூசோடு பனியும் சேர்ந்தது. அங்கே உருண்ட ஒரு கரு, பூமியைப்போல் பத்து மடங்கு எடை சேர்ந்ததும் சுற்றியிருந்த வாயுவையே இழுத்துக் குவித்தது. அதுதான் வியாழன், இன்று 318 பூமிகளின் எடை. சில பத்து லட்சம் ஆண்டுகளில் வாயு கலைந்துவிட்டது. யுரேனஸும் நெப்டியூனும் பந்திக்குத் தாமதமாக வந்தவர்கள்; பெரும் பகுதி பரிமாறி முடிந்திருந்தது.

உங்கள் புடவையில் ஒட்டிய தெர்மாகோலைத் திட்டாதீர்கள். தூசும் தூசும் மெல்லிய மின்விசையால் ஒட்டிக்கொள்வதுதான் கோள் பிறப்பின் முதல் படி.

மொட்டைமாடித் தொலைநோக்கி:
ஐயா, ஒரு குறுக்குக் கேள்வி. 1995இல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் கண்டுபிடித்த கோள், 51 பெகாசி என்ற வேறொரு விண்மீனைச் சுற்றுவது; வியாழனில் ஏறக்குறைய பாதி நிறை கொண்டது. தன் விண்மீனை 4.2 நாளில் சுற்றிவிடுகிறது. அத்தனை அருகில் பனி ஏது? பனிக்கோடு அங்கே செல்லாதா?

ஓய்வுபெற்ற இயற்பியல்:
நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். சட்டம்போல் எழுதியது என் வாத்தியார் புத்தி. வெளியே பிறந்து, பிறகு தட்டின் வாயுவோடு இழுபட்டு உள்ளே நகர்ந்தது என்பதே பரவலான விளக்கம். நம் வியாழனும் ஓரளவு இடம் மாறியிருக்கலாம். பிறந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்று கோளுக்கு விதி இல்லை.

தெர்மாகோல் அம்மா:
புரிந்தது என்று நினைத்தேன், மகள் விடவில்லை. "உள்ளே பனியே இல்லை என்றால் நமக்குக் கடல் எப்படி வந்தது?"

ஓய்வுபெற்ற இயற்பியல்:
இவளை இந்தத் துறைக்கே அனுப்புங்கள். வால்நட்சத்திரம் கொண்டுவந்தது என்று என் பழைய குறிப்பேட்டில் இருக்கும். ஆனால் 2014இல் ரோசெட்டா விண்கலம் 67பி வால்நட்சத்திரத்தின் நீரை அளந்தபோது, அதில் கன ஹைட்ரஜனின் விகிதம் நம் கடலைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. (ஹைட்ரஜனிலேயே எடை கூடிய வகை அது; நீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க அதுதான் கைரேகை.) ஒத்துப்போகும் வால்நட்சத்திரங்களும் சில உண்டு. ஆனாலும் இன்று பலரின் கை நீள்வது கரிமம் மிகுந்த விண்கற்களை நோக்கி. அவற்றின் கனிமங்களுக்குள் கட்டுண்ட நீர், நம் கடல்நீரோடு நன்றாகவே பொருந்துகிறது. கடல் மொத்தமும் பூமியின் எடையில் பத்தாயிரத்தில் இரண்டு பங்குதான். வெளியிலிருந்து கொஞ்சம் கல் விழுந்தாலே போதும்.

தெர்மாகோல் அம்மா:
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே நீலக் கம்பளி நூலை வட்டமாக ஒட்டிவிட்டோம். அட்டையை மகளே எழுதுகிறாள். கற்பூரம் வைக்க அனுமதி கிடைக்கவில்லை, தீப்பிடிக்குமாம். சும்மா திறந்து வைத்தாலே கரையும் என்று சொல்லிப் பார்த்தாள். கேட்பார் இல்லை.