ரிப்போர்ட்டைப் பூட்டி வைத்த பிறகு

இளநிலை மருத்துவ மாணவர்களுக்கு ரேடியாலஜி, அதாவது எக்ஸ்ரே போன்ற படங்களைப் பார்த்து நோயறியும் பாடம், எடுத்த அனுபவம் கேட்டிருந்தீர்கள். எங்களுக்குக் கிடைப்பது இரண்டே வாரம். பன்னிரண்டு பேருக்குப் படம் பார்க்கும் விளக்குப் பெட்டி, வியூ பாக்ஸ், ஒன்றுதான்; அதிலும் ஒரு பக்கம் எரியாது. கரண்ட் போனால் ஜன்னல் வெளிச்சம்தான். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். படத்தைக் கையில் கொடுத்ததும் பிள்ளைகள் உறைக்குள் ரிப்போர்ட்டைத் தேடுவார்கள் பாருங்கள், அதுதான் தாங்காது. படித்துவிட்டு, "ஆமா சார், தெரியுது" என்பார்கள்.

ஒருநாள் எல்லா ரிப்போர்ட்டையும் டிராயரில் வைத்துப் பூட்டினேன். முதல் மார்பு எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்த மாணவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "டெக்ஸ்ட்ரோகார்டியா சார்!" பிறவியிலேயே இதயம் வலப்பக்கம் இருப்பதற்கு அந்தப் பெயர். படத்தில் இதயம் வலப்பக்கம்தான் இருந்தது. "மூலையில் என்ன எழுத்து தம்பி?" என்றேன். இடப்பக்கத்தைக் காட்ட வைக்கும் 'எல்', கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றது. சத்தமில்லாமல் படத்தைத் திருப்பிப் பிடித்தார்.

அப்புறம் ஒரு வாரம் நோயே காட்டவில்லை, நார்மல் படங்கள் மட்டும். காறை எலும்புகளின் உள்முனைகள் நடுக்கோட்டிலிருந்து சம தூரமா, பின்பக்க விலா பத்து வரை எண்ண முடிகிறதா, கதிர் முதுகு வழியாக வந்த பிஏ படமா, மார்பு வழியாக வந்த ஏபி படமா. ஏபி படத்தில் இதயம் ஃபிலிமிலிருந்து தள்ளியிருப்பதால் பெரிதாகத் தெரியும். இதயத்தின் அகலம் மார்பின் அகலத்தில் பாதிக்கு மேல் போனால் வீக்கம் என்ற கணக்கை அங்கே அப்படியே போடக்கூடாது. போரடிக்கிறது என்றார்கள். அடிக்கட்டும்.

மறுமொழி: சார், எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு ராத்திரி, படுக்கையிலேயே எடுத்த படத்தில் நுரையீரல் ஓரமாக ஒரு கோடு. நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்துவிட்டது, நியூமோதொராக்ஸ் என்று, அதை வெளியேற்ற டியூப் போடத் தட்டு வைக்கச் சொல்லிவிட்டேன். சீனியர் வந்து, "கோட்டுக்கு வெளியே என்ன இருக்குன்னு பாரு" என்றார். ரத்தக்குழாய் நிழல் கோட்டைத் தாண்டி விலா வரைக்கும் போயிருந்தது; அப்படியென்றால் கோட்டுக்கு வெளியேயும் நுரையீரல்தான். முதுகுக்கு அடியில் வைத்த ஃபிலிம் பெட்டியில், கேசட்டில், தோல் மடிந்து விழுந்த கோடு அது. நோயாளி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்; எனக்குத்தான் கை நடுங்கியது.

மறுமொழி: நான் எக்ஸ்ரே எடுக்கிற ரேடியோகிராபர். அந்த 'எல்'லை வைப்பதே நாங்கள்தான்! மூச்சு வாங்குகிற நோயாளியைப் பத்து விலா தெரியும்வரை மூச்சை இழுத்துப் பிடிக்க வைக்கிற பாட்டைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். காலையில் கூட்டம் தாங்காது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அனுப்புங்கள்.