கலைச்சொல் விவாதம்: ஆர்த்தோசிஸ் – ‘தாங்கணி’ என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆர்த்தோசிஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். உறுப்பைப் பிடித்து வைக்க உடலுக்கு வெளியே அணியும் கருவிதான் ஆர்த்தோசிஸ், பேச்சில் பிரேஸ். கை, கால், முதுகுக்கான பிரேஸ்களை அளவெடுத்துச் செய்து மாட்டிவிடுவதுதான் என் அன்றாட வேலை. அதனால் சொல்லுக்குப் போகுமுன் பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆர்த்தோசிஸுக்கு ‘முடநீக்கு சாதனம்’ என்றே இருக்கட்டுமே. அரசு மருத்துவமனைகளில் முடநீக்கியல் துறை என்றுதானே பலகை இருக்கிறது?

ஐயா, பலகையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையத் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் அந்தச் சொல்லை என்னால் சொல்ல முடியாது. அவள் ஓடுகிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள், அவளிடம் முடம் எதுவும் இல்லை. பொருளும் இடிக்கிறது. அவளுக்குப் போடும் பிரேஸின் முதல் வேலை, எலும்பு வளர்ச்சி நிற்கும்வரை வளைவை மேலும் கூடவிடாமல் பிடித்து வைப்பது. போலியோவில் வலுவிழந்த காலுக்குப் போடும் காலிப்பர் என்ற கால் பிரேஸும் எதையும் நீக்குவதில்லை, அந்தக் காலை ஊன்றி நிற்க வைக்கிறது. ‘நீக்கு’ என்று சொல்லிவிட்டால் குணமாக்கிவிடும் என்ற நம்பிக்கையை ஊட்டுகிறோம். அந்த நம்பிக்கை பொய்க்கும்போது பிரேஸ் பரணுக்குப் போய்விடுகிறது.

> ‘விறைப்புக் கவசம்’ எப்படி? விறைப்பாக இருப்பதும் உடலைச் சுற்றியிருப்பதும் இரண்டும் வந்துவிடுகின்றன.

தம்பி, கவசம் வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது. பிரேஸின் வேலை உட்பக்கம் நடக்கிறது. மூன்று இடங்களில் உடலை அழுத்துகிறது: வளைவின் முகட்டில் ஒரு பக்கமிருந்து, அதற்கு மேலும் கீழும் எதிர்ப்பக்கமிருந்து. கணுக்கால் பிரேஸிலும் முழங்கால் பிரேஸிலும் இதே மூன்றுபுள்ளி அழுத்தம்தான். ‘விறைப்பு’ எங்கள் இடத்தில் வேறொன்றுக்கு ஏற்கெனவே போய்விட்ட சொல். பக்கவாதம் வந்தவரின் வீட்டார் ‘கால் விறைப்பா இருக்கு’ என்று சொன்னால், தசை தானாக இறுகிக்கொள்கிறது என்று பொருள். விறைத்த காலுக்கு விறைப்புக் கவசம் என்று எழுதினால், படிப்பவருக்கு எது கால், எது கருவி என்றே தெரியாது. இயற்பியல் பாடநூலில் விறைப்புக் குணகம் அப்படியே இருக்கட்டும். மருத்துவத்துக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம்.

இந்த இழையில் பலர் பிரேஸை ஒரு தராசுபோல எழுதியிருக்கிறீர்கள்: ஒரு தட்டில் உறுதி, மறு தட்டில் சுகம், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று. பட்டறையில் நான் காண்பது வேறு. ஒரு கணுக்கால் பிரேஸ் எப்படி உருவாகிறது என்று சொன்னால் விளங்கும்.

காலில் ஈரமான மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, இறுகியதும் முன்பக்கம் கீறிக் கழற்றுகிறோம். உள்ளே காலின் குழியச்சு கிடைக்கும். அதில் சாந்தைக் கரைத்து ஊற்றி, மேலிருக்கும் மாவுக்கட்டை உரித்தால் கால் உருவம் வெளியே வரும். அதன்மேல் அப்படியே பிளாஸ்டிக்கை இழுத்தால் கால் உள்ளே போகும், ஆனால் அந்தப் பிரேஸைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்க முடியாது. அரத்தை எடுத்து உருவத்தைத் திருத்த வேண்டும். அழுத்தம் தாங்கும் சதைப்பகுதிகளில் சாந்தைச் சீவிக் குறைக்கிறோம். கணுவின் இருபுறத்து மொழிகள் (அங்கே துருத்தி நிற்கும் எலும்பு முண்டுகள்), உள்பாதத்தில் துருத்தும் எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பின் அடி ஆகிய இடங்களில் சில மில்லிமீட்டர் சாந்து கூட்டுகிறோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், ஓர் எலும்புத் தலை தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. பிளாஸ்டிக் அங்கே தொடர்ந்து அழுத்தினால் பாதத்தை மேலே தூக்கும் வலு போய்விடும். தொங்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கப் போட்ட பிரேஸே பாதத்தைத் தொங்கவிட்டுவிடும். அதனால் அந்த இடத்தில் விளிம்பைத் தாழ்த்துகிறோம், இல்லையென்றால் அங்கே குழிவாக இடம் விடுகிறோம்.

பிறகு பாலிப்ரொப்பிலீன் தகட்டை அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோல் தெளியும்வரை சூடாக்கி, உருவத்தின்மேல் போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் தகடு உருவத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் பாதி வேலை. விளிம்பு கணு மொழிகளுக்கு முன்னால் வந்தால் கணுக்கால் அசையாது. அதே தகட்டில் விளிம்பை மொழிகளுக்குப் பின்னால் தள்ளி வெட்டினால் அது வில்போல வளைந்து நிமிரும். தடிமனும் அப்படித்தான்: தகட்டின் வளையாத தன்மை தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடுகிறது. 3 மி.மீ. தகட்டுக்குப் பதில் 4 மி.மீ. போட்டால் கணக்குப்படி ஏறத்தாழ 2.4 மடங்கு. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான், நடையே மாறிவிடும்.

தராசுக் கணக்கு இங்கேதான் உடைகிறது. பாரம் தாங்காமல் நெளியும் மெல்லிய தகடு, நெளியும்போதெல்லாம் விளிம்பைச் சதைக்குள் செருகும். உருவத்தோடு முழுக்கப் படிந்த கெட்டித் தகடு அதே விசையை அகலமாகப் பரப்பிவிடும், போட்டவருக்கு அது இருப்பதே உறைக்காது. மெத்தென்ற நுரைத் திண்டை உள்ளே ஒட்டினாலும், உருவம் தவறாக இருந்தால் திண்டு சில வாரங்களில் அமுங்கிப்போய் எலும்பு மீண்டும் பிளாஸ்டிக்கைத் தொடும். உறுதிக்கும் சுகத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று நிற்கிறது: உடலோடு அது எப்படிப் படிகிறது என்பது. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல நமக்குச் சொல் வேண்டும். ஒன்றை மற்றொன்றின் எதிர்ச்சொல்லாக அமைத்துவிட்டால் மாணவர்கள் தவறான பொறியியலைப் படிப்பார்கள்.

என் பரிந்துரைகளைச் சொல்கிறேன்.

கருவியின் உறுதிக்கு வளைதடை. மின்தடை என்று எல்லாரும் பழகிய சொல்லின் வார்ப்பு. வளைப்பதற்கு எவ்வளவு தடை என்று அளந்து எண்ணில் சொல்லலாம். ‘கூடுதல் வளைதடை’, ‘குறை வளைதடை’ என்று சரளமாக வரும். முறுக்குக்கு ‘முறுக்குத்தடை’ என்றும் நீட்டிக்கொள்ளலாம்.

உடலோடு பொருந்துவதற்கு படிமானம். ‘பொருத்தம்’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பொருத்தம் உண்டா இல்லையா என்று கேட்டால் ஆம், இல்லை என்று இரண்டே பதில். நமக்கு வேண்டியது எந்த இடத்தில் எவ்வளவு என்பது. ‘ஜாக்கெட் தோள்ல படியல’ என்று தையற்கடையில் சொல்கிறார்கள் இல்லையா, அந்தப் படிதல்தான் இது. ‘இடுப்பெலும்பு முனையில் படிமானம் தளர்வு’ என்று நோயேட்டில் எழுதினால் அடுத்தவருக்கு உடனே புரியும்.

கம்ஃபர்ட் என்பதற்குத்தான் இங்கே அதிக விவாதம் நடந்திருக்கிறது. சொகுசு, வசதி, இதம், சுகம் எல்லாம் வந்துவிட்டன. இவற்றுள் எதையும் நோயாளி வாயால் நான் கேட்டதில்லை. ‘சுகமா இருக்கா?’ என்று கேட்டால் ‘பரவாயில்லீங்க’ என்பார்கள். என்ன தொந்தரவு என்று கேட்டால்தான் சொற்கள் கொட்டுகின்றன.

‘உறுத்துது’ என்றால் ஓர் எலும்பு முனையில் அழுத்தம் குவிகிறது, அங்கே இடம் விட வேண்டும். ‘கடிக்குது’ என்றால் தோல்மேல் உராய்கிறது, செருப்புக்கடி மாதிரி. பிரேஸ் காலோடு சேர்ந்து போகாமல் மேலும் கீழும் வழுக்குகிறது. ‘வெட்டுது’ என்றால் விளிம்பு, அதை வெளிப்புறம் மடித்து மழுக்க வேண்டும். ‘இறுக்குது’ என்றால் சுற்றளவு போதவில்லை, அல்லது வாரை அதிகமாக இழுத்துவிட்டார்கள், அல்லது கால் வீங்கியிருக்கிறது. ‘புழுங்குது’ என்றால் காற்றுத் துளையும் உள்ளே போடும் பருத்தி பனியனும் பற்றிய பேச்சு. ‘ஏறுது’ என்றால் உட்காரும்போது முதுகு பிரேஸ் மேலே கிளம்பி அக்குளில் முட்டுகிறது, இடுப்புப் படிமானத்தைப் பார்க்க வேண்டும்.

ஆறு சொல், ஆறு வெவ்வேறு பழுது, ஆறு வெவ்வேறு திருத்தம். இவற்றை ‘சௌகரியக் குறைவு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. உறுத்தல், கடி, வெட்டு, இறுக்கம், புழுக்கம், ஏற்றம் என்று அப்படியே கலைச்சொற்களாக எடுத்துக்கொள்வோம். அனைத்துக்கும் பொதுவாக ஒன்று தேவைப்பட்டால் ‘இயைவு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

> உறுத்தவில்லை என்று நோயாளி சொல்லிவிட்டால் போதுமா? அது அவரவர் உணர்வு அல்லவா?

மிக நல்ல கேள்வி அம்மா. போதாது. வேலூரில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கை கால்களில் கண்டறிந்தது இதைத்தான். விரல்களும் பாதங்களும் சிதைவதற்குப் பெருங்காரணம் உணர்ச்சி இழப்பு. வலி தெரியாததால் அழுத்தமும் காயமும் திரும்பத் திரும்ப அதே இடத்தில் விழுகின்றன. உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்று மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்புகள் அந்த வழியில்தான் வந்தன. இன்று சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி இழந்தவர்களிடமும் இதே நிலை. ‘ஒண்ணும் பண்ணல, நல்லாருக்கு’ என்று அவர் சொல்லும்போதே குதிகாலில் புண் வைத்துக்கொண்டிருக்கும்.

அதனால் நோயாளி சொல்வதற்கு ஒரு சொல்வரிசையும், தோல் சொல்வதற்கு இன்னொரு சொல்லும் வேண்டும். பிரேஸைக் கழற்றியதும் தோலில் சிவப்பு இருக்கும். சுமார் 20, 30 நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். இதை அழுத்தத் தடம் என்று சொல்லலாம். ‘மறையும் தடம்’, ‘மறையாத் தடம்’ என்று பிரித்தால் வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இனி தலைச்சொல். ‘தாங்கி’ என்று மட்டும் வைத்தால் எந்திரவியலில் பேரிங்கும் தாங்கி. அதைவிட எனக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தக் கருவி அணிந்தால்தான் வேலை செய்யும். முதுகு வளைவுக்கு பிரேஸ் பலன் தருகிறதா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வளைவு கூடாமல் வளர்ச்சி முடித்தவர்கள் பிரேஸ் போட்டோரில் 72 சதவீதம், போடாதோரில் 48 சதவீதம். பிரேஸுக்குள் வெப்ப உணரி வைத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்றும் அளந்தார்கள். நாளுக்குச் சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் கூடுதலானோர் அந்த நிலையிலிருந்து தப்பினார்கள். உட்கார்ந்தால் இடிக்காத, தூங்கினால் புழுங்காத, சீருடைக்குள் துருத்தாத பிரேஸ்தான் அத்தனை மணி நேரம் உடம்பில் இருக்கும். 1940-களின் மில்வாக்கி பிரேஸில் கழுத்துவரை உலோகக் கம்பியும் வளையமும் ஏறும். 1970-களில் வந்த பாஸ்டன் பிரேஸ் சட்டைக்குள் மறையும்.

எடையும் இதோடு சேர்ந்ததே. மூன்று கிலோ அளவில் காலில் சுமந்த காலிப்பரை, ஏவுகணைக்கு உருவாக்கிய இலேசான கலவைப் பொருளால் சுமார் 300 கிராமுக்குக் குறைத்ததைத் தம் வாழ்வின் பெரிய நிறைவுகளுள் ஒன்றாக அப்துல் கலாம் சொல்லி வந்தார். அது ஐதராபாத் மருத்துவமனையில் குழந்தைகளுக்காகச் செய்தது.

ஆகவே அணிதல் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். தாங்கு + அணி = தாங்கணி. காலணி என்பது எவ்வளவு இயல்போ அவ்வளவு இயல்பாக நாக்கில் வரும்.

> பிறவியில் உள்வளைந்த பாதத்துக்குப் போடும் பிரேஸ் எதையும் ‘தாங்குவது’ இல்லையே? ‘நேரணி’ என்றால் என்ன?

பொன்செட்டி முறையில் மாவுக்கட்டுகள் முடிந்தபின் போடும் கம்பியிணைத்த ஷூவைச் சொல்கிறீர்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நான்கு வயது வாக்கில்வரை தூங்கும்போது. பாதத்தை நேராக்கும் வேலையை மாவுக்கட்டு முடித்துவிட்டது. திரும்ப வளையாமல் தாங்கிப் பிடிப்பதுதான் அந்த ஷூவின் வேலை. தமிழில் ‘தாங்கு’ என்பதற்குச் சுமத்தல் மட்டும் பொருளில்லை, தடுத்துப் பிடித்தலும் உண்டு. ‘நேரணி’ அழகான சொல்தான். ஆனால் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு இரவில் போடும் கைப்பட்டை எதையும் நேராக்குவதில்லை, மணிக்கட்டை மடங்கவிடாமல் வைத்திருக்கிறது. ‘உறுப்பணி’யும் நல்ல சொல், ஆனால் செயற்கைக் காலும் அதற்குள் வந்துவிடும்.

எந்த மூட்டுகளைக் கடக்கிறதோ அவற்றின் பெயரைச் சேர்த்தே இவற்றை அழைப்பது வழக்கம். கணுக்கால்-பாதத் தாங்கணி, முழங்கால்-கணுக்கால்-பாதத் தாங்கணி, மணிக்கட்டு-கைத் தாங்கணி என்று தடங்கலில்லாமல் வருகிறது. முறிவுக்குத் தற்காலிகமாக வைத்துக் கட்டுவதற்குச் ‘சிம்பு’ ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். மாவுக்கட்டு, புத்தூர்க் கட்டு என்ற சொற்களை மக்களே செய்துகொடுத்துவிட்டார்கள். இடுப்பு பெல்ட், கழுத்து காலர் இரண்டும் பேச்சில் அப்படியே இருக்கட்டும், பாடநூலில் இடுப்புத் தாங்கணி, கழுத்துத் தாங்கணி என்று எழுதலாம்.

இரண்டு இடத்தில் எனக்கு உதவி வேண்டும். பிரேஸை வெட்டும் எல்லைக்கோட்டுக்கு ‘விளிம்புக்கோடு’ என்று எழுதி வருகிறேன், தையல் அல்லது தோல்வேலைக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அதற்குத் தங்கள் வீட்டுச் சொல் இருந்தால் தாருங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இந்த வேலை செய்யும் நண்பர்கள், உங்கள் நோயாளிகள் ‘உறுத்துது’, ‘கடிக்குது’ என்பவற்றுக்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். பட்டியலில் அவற்றையும் சேர்த்த பிறகே இறுதி வடிவத்தை அனுப்ப விரும்புகிறேன்.

அன்புடன்.