கிறிஸ்து வென்றுவிட்டார் என்றால் இந்தப் பயம் ஏன்?

வத்தளைத் தங்கச்சி: 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. திரும்பத் திறந்ததும் அம்மம்மா பழையபடி செவ்வாய்தோறும் மெழுகுதிரியோடு போகிறார். எனக்கோ வாசலிலேயே கால் நடுங்குகிறது. தீமை தோற்றதாகவே தெரியவில்லை. என் மீட்பு உறுதி என்று எப்படி நம்புவது?

பம்பலப்பிட்டி அண்ணா: கொலோசெயர் 2:15 வாசியுங்கள், தங்கச்சி. ரோமர்கள் தோற்ற பகைவரை ஊர்வலமாக இழுத்துப் போவார்கள். சிலுவையில் கிறிஸ்து தீய சக்திகளுக்குச் செய்ததும் அதுதான். தோற்றவன் இன்னும் அடிக்கிறான், உண்மை. ஆனால் யோவான் 10:28 பாருங்கள்: உங்களைப் பிடித்திருப்பது கிறிஸ்துவின் கை. கால் நடுங்கினால் அந்தப் பிடி தளராது.

கொட்டாஞ்சேனை அக்கா: சரிதான் தம்பி. ஆனால் கத்தோலிக்கப் போதனைப்படி நாமே அந்தக் கையை உதறிவிட முடியும். உதறினாலும் திரும்பி வரத்தான் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது. பயம் பாவமில்லை, பிள்ளை. அம்மம்மாவோடு போங்கள்.