போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரை: மருந்து எச்சம் பரிசோதிக்க ஆய்வகம் வேண்டும்

வேளச்சேரியில் 24 வீட்டு அடுக்ககம். 110 அடி போர்வெல், பக்கத்து செப்டிக் டேங்கிலிருந்து 40 அடி தள்ளி. ஜனவரியிலிருந்து தண்ணீரைப் பாட்டிலில் குலுக்கினால் நுரை பத்து நிமிடம் நிற்கிறது.

பரிசோதனையில் டிடிஎஸ் (கரைந்த உப்புகள்) 680, நைட்ரேட் 38. சோப்புத்தூள் எச்சம் (எம்பிஏஎஸ்) லிட்டருக்கு 0.6 மில்லிகிராம், ஐஎஸ் 10500 (இந்தியக் குடிநீர்த் தரநிலை) ஏற்கும் அளவு 0.2. சோப்பு வருகிறதென்றால் அதே கழிவுநீரில் மாத்திரை எச்சமும் வரலாம். அதற்கு வாசனையோ நுரையோ கிடையாது என்பதுதான் பயம்.

செய்தவை: குளோரின் போட்டோம், கிருமி போனது, நுரை போகவில்லை. கொதிக்க வைப்பதில் பயனில்லை, நீர் ஆவியாகி எச்சம் அடர்த்தியாகும். 60 லிட்டர் கார்பன் (எச்சங்களை ஈர்த்துப் பிடிக்கும் கரி) கொண்ட 13×54 அங்குல வடிகட்டித் தொட்டி வைத்தோம். சோப்பு எச்சம் முதல் மாதம் 0.1, மூன்றாம் மாதம் 0.5. காரணம் புரிகிறது: மணிக்கு 2000 லிட்டர் ஓட்டத்தில் கார்பனோடு தண்ணீர் இருப்பது 1.8 நிமிடமே. 10 நிமிடம் கிடைக்க 360 லிட்டராகக் குறைக்க வேண்டும். குடிநீருக்குத் தனித் தொட்டி வைத்து அப்படி ஓட்டப் போகிறோம். செப்டிக் டேங்க் கசிவை அடைக்கவும் பேசி வருகிறோம்.

கார்பன் மாத்திரை எச்சத்தை உண்மையில் பிடிக்கிறதா என்று முன்னும் பின்னும் அளக்க வேண்டும். கார்பமசெபின் (வலிப்பு மாத்திரை, மண்ணில் எளிதில் சிதையாது), சுக்ரலோஸ் (செயற்கை இனிப்பு) இரண்டும் போதும். பழுப்புக் கண்ணாடி பாட்டில், குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேட், ஐஸ் பெட்டி எல்லாம் தயார்.

இவ்விரண்டையும் எல்சிஎம்எஸ் (மிக நுண்ணிய அளவு வேதிப்பொருளையும் பிரித்து அளக்கும்) கருவியில் நானோகிராம் அளவில் பார்த்து, தனியாரிடமும் மாதிரி வாங்கும் ஆய்வகம் சென்னையில் எது?