கோவளத்தில் தங்குவதா, வழியில் எட்டிப் பார்ப்பதா?

ஈசிஆர் பிரியன்:
சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ.யில் இருக்கும் கோவளத்தில் இரண்டு நாள் தங்கச் சொல்கிறார் நெய்தல். தங்கி என்ன செய்வது? கடலில் கால் நனைக்க அரை மணி நேரம் போதும். போகும் வழியில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம், முட்டுக்காடு படகு சவாரி. ஊரைத் தாண்டினால் வடநெம்மேலி முதலைப் பண்ணை, புலிக்குகை, மாமல்லபுரம். விடியற்காலையில் கிளம்பினால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

நெய்தல்:
முடித்துவிடலாம், பார்க்க முடியாது. தட்சிணசித்ராவுக்கே அரை நாள் வேண்டும். நான்கு தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். திண்ணையில் உட்காராமல் ஓடுவதற்கு அங்கே போகவே வேண்டாம். இன்னொன்று: அதற்குச் செவ்வாய் விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கள்.

கோவளத்தை விடியலில் பாருங்கள். ஃபைபர் படகு கரையேறியதும் நாலைந்து பேர் வலையைப் பிரித்துச் சிக்கிய மீனை ஒவ்வொன்றாக உதறி எடுப்பார்கள். கூடை நிறைவதற்குள் பெண்கள் சுற்றி நின்று விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதே அலையில் கொஞ்சம் தள்ளி, மீனவர் வீட்டுப் பையன்கள் வெளியூர்க்காரர்களுக்கு அலைச்சறுக்கு கற்றுத் தருகிறார்கள். கார்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா எல்லாம் இதே ஊரில்தான்.

குப்பத்துக்காரன்:
இரண்டு பேருமே எங்கள் கரையைக் காட்சிப்பொருளாகத்தான் பேசுகிறீர்கள். காயவைத்த வலை மேல் செருப்போடு நடக்கிறார்கள், கேட்காமல் பெண்களைப் படம் எடுக்கிறார்கள். 2021-இல் சுத்தமான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது, கடற்கரையின் ஒரு பகுதி சுத்தமாக இருக்கிறது, சரி. அந்த எல்லைக்கு வெளியே சிதறும் பாட்டிலை யார் பொறுக்குவது? கூட்டம் கூடினால் ஊர் வாழும் என்று சொல்லாதீர்கள். படகு நிறுத்த இடம் குறைந்தால் எங்களுக்கு என்ன வாழ்வு?

நெய்தல்:
நியாயம் அண்ணே. ஆனால் தங்குகிறவர்தான் உங்களிடம் மீன் வாங்குகிறார், உங்கள் பையனிடம் பாடம் கற்கிறார். பத்து நிமிடம் காரை நிறுத்திப் போகிறவரால் உங்களுக்கு மிஞ்சுவது குப்பைதான்.

ஈசிஆர் பிரியன்:
எல்லாருக்கும் இரண்டு நாள் விடுப்பு கிடைக்காது. வயதானவர்களோடு உச்சி வெயிலில் மணலில் என்ன செய்வது? கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு என் திட்டம்தான் தோது. வேண்டுமானால் மாமல்லபுரத்தைத் தனி நாளாக வைத்துக்கொள்கிறேன். பல்லவர் சிற்பத்தை அவசரமாகப் பார்க்கக்கூடாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

குப்பத்துக்காரன்:
தங்கினாலும் தங்காவிட்டாலும் ஒன்று கேளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், இறங்காதீர்கள். மற்ற மாதங்களிலும் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் குளியுங்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். நீச்சல் தெரிந்தவரையே இழுத்துக்கொண்டு போகும்.