வேர்க்காத குதிரை: கேஎல் (கோலாலம்பூர்) வெயிலில் என்ன செய்வது?

சுங்கைபூலோ_சவாரி

வணக்கம். சுங்கை பூலோ பக்கம் ஒரு லாயத்தில் என் குதிரையை வைத்திருக்கிறேன். பழைய ரேஸ் குதிரை, தரோபிரெட் (ரேஸ் ஜாதி), கெல்டிங் (காயடித்தவன்), வயது 8, நியூசிலாந்தில் பிறந்தவன். சிங்கப்பூரில் ஓடிக்கொண்டிருந்தான், அங்கே 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு ரேஸையே மூடிவிட்டார்களே, அப்போது இந்தப் பக்கம் வந்தவன். நல்ல குணம், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வந்தாலும் தலையைத் தாழ்த்திக் கொடுப்பான்.

போன வருஷம் வரை சும்மா நடத்தினாலே வேர்த்துக் கொட்டும், சேணத் துணியைப் பிழியலாம். இப்போது கொஞ்ச நேரம் டிராட் (மெதுவான ஓட்டம்) ஓட்டி இறங்கினால் பிடரிக்குக் கீழேயும் தொடை இடுக்கிலும் மட்டும் ஈரம், மற்ற உடம்பெல்லாம் காய்ந்து கிடக்கிறது, தொட்டால் சுடுகிறது. மூக்கு விரிந்து மூச்சு வாங்குவது சீக்கிரம் அடங்குவதில்லை. மத்தியானம் வேலையே இல்லாமல் லாயத்தில் நிற்கும்போதும் விலா ஏறி இறங்குகிறது. நெற்றியில் முடி உதிர்ந்து தோல் பொருக்குத் தட்டுகிறது.

லாயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கோச் ஒருவர், உடம்பு தேறிவிட்டது அதனால்தான் வேர்வை குறைந்திருக்கிறது, இன்னும் வேலை கொடு என்கிறார். இன்னொருவர் சோம்பேறி ஆகிவிட்டான் என்கிறார். எங்கள் சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) அண்ணன் தினம் ஒரு கின்னஸ் பீர் ஊற்றச் சொல்கிறார். சவாரி முடிந்த சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, தசை பிடித்துக்கொள்ளும் என்றும் ஒரு பேச்சு. டாக்டர் அடுத்த வாரம்தான் வருவார், அதுவரை என்ன செய்வது? சிங்கப்பூரும் இதே வெயில்தானே, அங்கே வராதது இங்கே எப்படி வந்தது?

பத்துகாந்தோங்_லாயம்

தங்கச்சி, முதலில் சவாரியை நிறுத்துங்கள். உடம்பு தேறிய குதிரை சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும், நன்றாகவும் வேர்க்கும், அந்தக் கோச் சொல்வது தலைகீழ். நீங்கள் எழுதியிருப்பது எங்கள் பினாங்கு ரேஸ் ஆட்கள் டிரை கோட் என்று சொல்வார்களே அதேதான், டாக்டர்கள் அன்ஹைட்ரோசிஸ் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலில் இறக்கிய குதிரைகளிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். என் அப்பா சைஸாக இருந்தவர், ஆஸ்திரேலியாவிலிருந்து புதிதாக வந்த குதிரை என்றால் காலையில் போனதும் உடம்பைத் தடவி ஈரம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

சிங்கப்பூரில் வரவில்லையே என்று கேட்டீர்கள். இது வந்த முதல் வருஷமும் வரும், பல வருஷம் கழித்தும் வரும், இந்த மண்ணிலேயே பிறந்த குதிரைக்கும் வரும். சூடும் புழுக்கமும் விடாமல் இருக்கும் ஊரில், வேர்க்கச் சொல்லி உடம்பு அனுப்பும் சேதியை வேர்வைச் சுரப்பி ஒரு கட்டத்துக்கு மேல் காதில் வாங்குவதில்லை. சோம்பேறித்தனம் என்பவரை மத்தியானம் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடச் சொல்லுங்கள்.

டாக்டர் வரும்வரை ஒரு வேலை செய்யுங்கள். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, பின்னால் நூல் கட்டி, நூலின் நுனியில் துணிக் கிளிப் மாட்டி வாலில் கவ்வ விடுங்கள் (ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கட்டாவிட்டால் உள்ளே போய்விடும், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது). விடிவதற்கு முன்னால் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, சூடு எவ்வளவு, நிமிஷத்துக்கு மூச்சு எவ்வளவு என்று எழுதுங்கள். சும்மா நிற்கும் பெரிய குதிரைக்கு 37.2-லிருந்து 38.3 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மூச்சு 8-லிருந்து 16. விலா ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 40 டிகிரியைத் தாண்டினால் அடுத்த வாரம் வரை பார்க்காதீர்கள், அப்போதே எந்தக் கால்நடை டாக்டர் கிடைத்தாலும் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

கின்னஸ் விஷயம். இங்கேயும் எல்லா லாயத்திலும் கொடுத்தார்கள், பசி எடுக்கும், தீவனம் தின்னும், அதோடு சரி. நின்ற வேர்வை அதனால் திரும்பியதை நான் பார்த்ததில்லை. பாட்டிலில் பாதி குதிரைக்கு, பாதி யாருக்குப் போகும் என்று உங்கள் சைஸ் அண்ணனையே கேளுங்கள்.

ஷாஆலம்_அக்கா

அண்ணன் சொன்னது சரி, நான் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பச்சைத் தண்ணீர்ப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

சூடான குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடிக்கும், வயிற்று வலி வரும் என்பதெல்லாம் பழைய பயம். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் வெயிலும் புழுக்கமுமாக இருக்கப்போகிறது என்று தெரிந்ததும் இதைக் குதிரைகளை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் சூடு வேகமாக இறங்கியது, தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பெரிய போட்டிகளில் ஐஸ் போட்ட தண்ணீரைத்தான் வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். உங்கள் லாயத்துக் குழாய்த் தண்ணீர் கேஎல் வெயிலில் கிடந்து வெதுவெதுவென்று வரும், முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். கழுத்து, தோள், விலா, பின் தொடை, கால் எல்லா இடத்திலும் ஊற்ற வேண்டும், சும்மா கால் மட்டும் நனைத்துவிட்டுப் போனால் பயன் இல்லை.

தண்ணீரை வழித்துவிடுவதா வேண்டாமா என்று எப்போதும் ஒரு சண்டை நடக்கும். விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் வழிக்கத் தேவையில்லை, வழிக்கும் நேரத்தில் இன்னொரு வாளி ஊற்றலாம். ஊற்றி முடித்துக் காற்றில்லாத இடத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் வழித்துவிடுங்கள்.

இன்னொன்று, நம் ஊரில் பலர் கவனிக்காதது. விடியற்காலையில் 24 டிகிரி, குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைக்கிறோம், ஆனால் அப்போதுதான் காற்றில் ஈரம் 95 சதவீதத்தை ஒட்டி இருக்கும். குதிரை உடம்பு சூடு தணிவது பெரும்பாலும் வேர்வை ஆவியாகிப் போவதால்தான். காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாமல் தரையில் சொட்டும், சொட்டும் வேர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்படியும் விடியற்காலைதான் நல்லது, வெயில் இல்லையே. ஆனால் மழை பெய்து ஓய்ந்து வெயில் அடிக்கும் அந்தச் சாயங்கால நேரம் மோசம், அப்போது நல்ல குதிரையையே நான் வெளியே எடுப்பதில்லை.

இதனால்தான் சொல்கிறேன், யாராவது மிஸ்ட் ஃபேன் வாங்கு என்றால் உடனே ஓடாதீர்கள். நாலு பக்கமும் சுவர், மேலே ஜிங்க் தகரம், அதற்குள் தண்ணீரைத் தூவினால் லாயம் இட்லிச் சட்டி ஆகிவிடும். திறந்த லாயம், குறுக்கே காற்று ஓடுகிறது என்றால் மிஸ்ட் வேலை செய்யும். மற்றபடி குதிரையை நேராக நனைத்துவிட்டுச் சாதா ஃபேனை அதன் மேல் அடிக்க விடுங்கள், வேர்வை செய்ய வேண்டிய வேலையைத் தண்ணீர் செய்துவிடும்.

வெட்_நர்ஸ்_பையன்

கால்நடை கிளினிக்கில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை, அதனால் மருந்து எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சு வாங்குவதை வைத்து மட்டும் டிரை கோட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆஸ்துமா இருந்தாலும் மூச்சு வாங்கும், பழைய வைக்கோல் தூசி, புகைமூட்டம் வரும் மாதங்கள், இதெல்லாம் அதைக் கிளப்பும். இருமல் இருக்கிறதா, மூக்கில் சளி வழிகிறதா, மூச்சை வெளியே விடும்போது வயிற்றை இறுக்கித் தள்ளுகிறதா என்று பாருங்கள். ஆஸ்துமாவில் மூச்சு வாங்கினாலும் உடம்புச் சூடு பொதுவாக ஏறாது, டிரை கோட்டில் இரண்டும் சேர்ந்து ஏறும். அந்த அண்ணன் தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னது அதனால்தான் முக்கியம்.

டாக்டர் வந்தால் ஒரு டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். டெர்பியூட்டலின் என்ற மருந்தைப் பல வீரியங்களில் கழுத்துத் தோலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அரை மணி நேரம் கழித்து எந்த இடத்திலெல்லாம் வேர்க்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல குதிரைக்கு மிகக் குறைந்த வீரியத்திலேயே வேர்க்கும். முன்பு மூச்சுக்காக கிளென்புட்டரால் எப்போதாவது கொடுத்திருந்தால் அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ரேஸ் குதிரைகளுக்கு அது கொடுப்பது உண்டு, அதே சுரப்பியைத்தான் அதுவும் தட்டுகிறது. பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றால் செர்டாங் யுபிஎம் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

எலக்ட்ரோலைட் (உப்புச் சத்து) பேஸ்ட்டை அள்ளி ஊட்டாதீர்கள். வேர்க்காத குதிரை உப்பை இழப்பதும் குறைவு. ஐநூறு கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் அளவு சாதா உப்பைத் தீவனத்தில் கலந்தால் போதும், தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சுங்கைபூலோ_சவாரி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சவாரியை நிறுத்திவிட்டேன், கோச் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், பரவாயில்லை. விடிவதற்கு முன்னால் 37.9, மூச்சு 20. மத்தியானம் 39.3, மூச்சு 64, நான் எண்ணியது தப்போ என்று திரும்ப எண்ணினேன், அதே கணக்குதான். இருமல் இல்லை, சளி இல்லை. தண்ணீர் ஊற்றி ஃபேன் போட்டதும் அரை மணி நேரத்தில் 38.5-க்கு வந்தது.

பகலில் உள்ளே ஃபேனுக்கு அடியில், இரவில் திடலில் விடலாம் என்று நினைத்தேன். லாயத்துக்காரர் அகாஸ் (கொசுவை விடச் சின்னப் பூச்சி) கடிக்கும், 2020-இல் திரெங்கானுவில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் வந்தது ஞாபகம் இல்லையா என்று பயமுறுத்துகிறார். தோழி ஒருத்தி எங்கேயாவது மலைப்பக்கம் அனுப்பிவிடு என்கிறாள்.

பத்துகாந்தோங்_லாயம்

உங்கள் லாயத்துக்காரர் சொன்ன ஆப்பிரிக்கக் குதிரை நோய் விளையாட்டு இல்லை, அந்த வருஷம் தாய்லாந்தில் எத்தனையோ குதிரை செத்தது, அப்புறம்தான் இங்கே வந்தது. அதைப் பரப்புவது அகாஸ்தான், அதனால் அவருடைய பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அகாஸ் அதிகம் கடிப்பது பொழுது சாயும்போதும் விடியும்போதும். அந்த இரண்டு நேரமும் உள்ளே நிறுத்தி ஃபேன் போடுங்கள், அது பறப்பதில் நோஞ்சான், நல்ல காற்றை எதிர்த்து வந்து உட்கார முடியாது. நன்றாக இருட்டியதும் வெளியே விட்டு, விடியும் முன் உள்ளே கொண்டுவாருங்கள். உடம்பு முழுக்கப் போர்த்தும் வலைத் துணி இவனுக்கு வேண்டாம், இருக்கிற சூட்டையும் அடைத்துவிடும்.

மலைக்கு அனுப்பினால் வேர்வை திரும்பும், பார்த்திருக்கிறேன். கீழே கொண்டுவந்ததும் பெரும்பாலும் மறுபடி நின்றுவிடும். அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமானால் அனுப்புங்கள், ரெண்டு மாதத்துக்காக லாரி ஏற்றுவது வெட்டிச் செலவு.

செமினி_புல்லுக்கட்டு

நடுவில் நுழைகிறேன். வேலை இல்லாமல் நிற்கும் குதிரைக்கு ஓட்ஸை அப்படியே போட்டுக்கொண்டிருக்காதீர்கள், தசை வேலை செய்யாவிட்டால் அவ்வளவு தானியம் எதற்கு. நேப்பியர் புல் மட்டும் போடுபவர்கள் அதில் ஆக்சலேட் உண்டு என்பதையும் கவனியுங்கள், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது, நாளாக ஆக முக எலும்பு வீங்கிவிடும். இவனுடைய வேர்வைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் தீவனத்தை மாற்றப் போகிறீர்கள் என்பதால் சொன்னேன்.

சுங்கைபூலோ_சவாரி

டாக்டர் வந்து டெஸ்ட் போட்டார். கூடிய வீரியம் போட்ட இடத்தில் மட்டும் லேசாக ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்தே இருந்தது. டிரை கோட்தான். வேர்வை முழுதாக நிற்கவில்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார். இதற்கென்று நிச்சயமான மருந்து கிடையாது, சூட்டைக் குறைத்து வைத்திருந்தால் சிலவற்றுக்குத் தானாகத் திரும்பும் என்றார். முடியை ஒட்ட வெட்டிவிட்டோம், பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறான். விடியற்காலை நடை மட்டும், 38.5-க்கு மேல் போனால் அன்றைக்கு அதுவும் கிடையாது.

யாரோ விற்றுவிடச் சொன்னார்கள், விற்கவில்லை. வாங்குபவன் விஷயம் தெரியாமல் மத்தியானத்தில் ஓட்டினால் என்ன ஆகும்?

இப்போது இருப்பது வீட்டு ஃபேன், மூலையில் கட்டி வைத்திருக்கிறோம், மோட்டார் சுடுகிறது. எதை வாங்குவது?

ஷாஆலம்_அக்கா

அதை இன்றைக்கே கழற்றுங்கள். வீட்டு ஃபேன் மோட்டார் திறந்திருக்கும், வைக்கோல் தூசி உள்ளே போய் அடைத்துத் தீப்பிடிக்கும், லாயத்தில் தீ என்றால் வைக்கோலும் மரத்தூளும் போதும். மோட்டார் முழுக்க மூடிய தொழிற்சாலை ஃபேன் வேண்டும், தூசிக்கும் தண்ணீருக்கும் தாங்கும் வகை, ஐபி 55 என்று போட்டிருக்கும். ஜாலான் பாசாரில் கேட்டுப் பாருங்கள். குதிரைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி, வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு இறக்குங்கள், எலியும் கடிக்கும் உங்கள் பையனும் கடிப்பான். இஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இல்லாத லைனில் போடவே போடாதீர்கள், கீழே எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கப் போகிறது, குதிரைக் காலில் இருப்பது இரும்பு லாடம்.

சுங்கைபூலோ_சவாரி

கழற்றியாச்சு அக்கா. எலெக்ட்ரிஷியன் சனிக்கிழமை வருகிறார், அதுவரை வாளிதான்.