குலுக்கினால்தான் குண்டு விழும்

குழு: நம்ம வீட்டு ஆட்கள் (டர்பன், ஜோபர்க், தென்னாப்பிரிக்கா)

தம்பி: எல்லாருக்கும் வணக்கம். சாய உருண்டையால் அடித்து விளையாடும் பெயிண்ட்பாலுக்கு டிப்மேன் 98 துப்பாக்கி வாங்கியாச்சு! செகண்ட்ஹேண்ட்தான், ஆனால் நல்ல கண்டிஷன். செப்டம்பர் 24-ஆம் தேதி ஹெரிடேஜ் டே லீவுக்கு எல்லாரும் விளையாட வருகிறீர்கள் தானே? ஒரே ஒரு சிக்கல், விற்றவர் ஹாப்பர், அதுதான் மேலே மாட்டும் குண்டு டப்பா, தரவில்லை. இப்போது எதை வாங்குவது என்று குழம்பிப்போய் இருக்கிறேன்

அம்மா: இதற்கு லைசென்ஸ் வேண்டாமா?

நான்: வேண்டாம் அம்மா. 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டமே பெயிண்ட்பால் துப்பாக்கியைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்காகக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது, பார்க்கிறவனுக்கு அந்தச் சட்டம் தெரியுமா என்ன. பையில் போட்டு, குண்டு இல்லாமல், கேஸ் டேங்கைக் கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும்

தம்பி: அக்கா, அது எனக்குத் தெரியும். ஹாப்பரா, கீழே செருகும் மேகசினா, அதைச் சொல்

ஃபீனிக்ஸ் மாமா: வந்துவிட்டேன். யார் மேகசின் என்று சொன்னது 😄

தம்பி: மாமா, மேகசின் வைத்த மாடல் பார்த்தீர்களா? அசல் ராணுவத் துப்பாக்கி மாதிரியே இருக்கிறது. மேலே அந்தப் பிளாஸ்டிக் சுரைக்காய் எல்லாம் கிடையாது

ஃபீனிக்ஸ் மாமா: அந்தச் சுரைக்காயில் 200 குண்டு பிடிக்கும் ராசா. மேகசினில் 20. இருபதைச் சுட்டுவிட்டு நீ மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்ததைத் தேடும்போது உன் சித்தி மகள் வந்து முதுகில் ஆரஞ்சுப் பொட்டு வைத்துவிட்டுப் போவாள்

சாட்ஸ்வர்த் சித்தி: என் மகளை ஏன் இழுக்கிறாய் அண்ணா. அவள் வைப்பாள் என்பது உண்மைதான்

நான்: மாமா மேகசினை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். இருபதுதான் இருக்கிறது என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் பார்த்துத்தான் சுடுவார்கள், கண்டபடி தெளிக்க மாட்டார்கள், அந்த விளையாட்டே வேறு ருசி. துடுப்பு வைத்த நீளக் குண்டு ஒன்று இருக்கிறதே, ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக், பறக்கும்போது சுழன்றுகொண்டே நேராகப் போவது, அதையெல்லாம் வரிசையாகச் சுட மேகசின்தான் வேண்டும். ஹாப்பரில் போட்டால் அது பாட்டுக்குப் படுத்துக்கொள்ளும். ஆனால் தம்பி, உன் 98-இல் மேகசின் நேராக ஏறாது. மேகசின்தான் வேண்டும் என்றால் துப்பாக்கியையே மாற்றுவதுதான் சுலபம். டிப்மேனிலேயே டிஎம்சி என்று ஒன்று உண்டு, அதில் மேகசினும் போடலாம், ஹாப்பரும் போடலாம். ஆனால் வாங்கி ஒரு வாரம் கூட ஆகவில்லையே

தம்பி: துப்பாக்கியை மாற்ற அம்மா விட மாட்டார்

அம்மா: விட மாட்டேன்

ஃபீனிக்ஸ் மாமா: சரி, பேச்சு முடிந்தது. சாதா ஹாப்பர் போதும். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை, மேலே கொட்டினால் கீழே விழும். நாங்கள் எல்லாம் அதில்தான் விளையாடினோம்

நான்: மாமா போன வருஷம் அதே ஹாப்பரோடு நீங்கள் பட்ட பாட்டை நீங்களே சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?

ஃபீனிக்ஸ் மாமா: 🙈

நான்: தம்பி, நீ அன்றைக்குப் பரீட்சை என்று வரவில்லை. மாமா ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் இருந்தார், நான் அவருக்கு நாலு அடி தள்ளி. நன்றாகச் சுட்டுக்கொண்டே இருந்தார், திடீரென்று வெறும் டப் டப் காற்றுச் சத்தம் மட்டும் வருகிறது, குண்டு வரவில்லை. ஹாப்பரின் கழுத்தில் இரண்டு குண்டு தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதவில் நுழையப் பார்த்த மாதிரி, ஒன்றும் இறங்கவில்லை. இவர் துப்பாக்கியை இப்படியும் அப்படியும் ஆட்ட, தலைக்கு மேலே தூக்கிக் குலுக்க, காவடி எடுத்தவருக்கு அருள் வந்த மாதிரி ஆகிவிட்டது. மூன்று பக்கத்திலிருந்தும் அடித்தார்கள்

சாட்ஸ்வர்த் சித்தி: 😂😂😂 எனக்கு இதை யாருமே சொல்லவில்லையே

ஃபீனிக்ஸ் மாமா: அது ஹாப்பரின் குற்றம் இல்லை, குண்டின் குற்றம். முதல் நாளே வாங்கி, பையை ஒழுங்காகக் கட்டாமல் கார் டிக்கியில் போட்டுவிட்டேன். நம்ம டர்பன் ஈரம் தெரியும்தானே, ராத்திரியோடு ராத்திரியாகக் கூடு தண்ணீரை இழுத்து உப்பிவிட்டது. 17.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய உருண்டை கொஞ்சம் பருத்தாலும் போதும், உருண்டை இல்லாமல் கொழுக்கட்டை ஆனாலும் போதும், கழுத்தில் நிற்கும்

நான்: அதுவும் காரணம்தான். ஆனால் புதுக் குண்டாக இருந்தாலும் சாதா ஹாப்பர் நொடிக்கு ஏழெட்டுக்கு மேல் தராது மாமா, அதுவும் நாம் ஆட்டிக்கொண்டே இருந்தால்

தம்பி: அப்படியென்றால் மோட்டார் வைத்ததே வாங்கிவிடவா? நொடிக்கு 20, 30 கொடுக்கும் என்கிறார்களே

நான்: நீ நொடிக்கு எத்தனை தடவை ட்ரிகர் இழுப்பாய்? உன் 98 மெக்கானிக்கல். விரல் வேகம்தான் அதன் வேகம். நான் இங்கே கிளப்பில் எலெக்ட்ரானிக் மார்க்கர், அதாவது பேட்டரியில் சுடும் துப்பாக்கி, வைத்திருக்கிறேன், அதற்கு அந்த மோட்டார் ஹாப்பர், லோடர் என்பது, தேவை. அதில் குண்டு உட்காரும் இடத்தில் ஒரு ஒளிக்கதிர் இருக்கிறது, குண்டு முழுதாக இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் சுடும், இறங்கவில்லை என்றால் காத்திருக்கும். உன்னுடையதில் அந்தக் கண் இல்லை. பாதி இறங்கிய குண்டு மேல், அதை முன்னே தள்ளும் போல்ட் வந்து அடித்தால் அங்கேயே நறுக்கிவிடும், பீப்பாய் முழுக்கச் சாயம், அடுத்த பத்துக் குண்டும் கோணலாகப் போகும். ஆகவே உனக்கு வேண்டியது 30 இல்லை. நீ இழுக்கும் வேகத்துக்கு விடாமல் தருவது எதுவோ அதுதான்

ஃபீனிக்ஸ் மாமா: இதைத்தானே நானும் சொன்னேன்

நான்: நீங்கள் சொன்னது வேறு மாமா 😀

மெரிபேங்க் பெரியப்பா: காலை வணக்கம். இப்போதுதான் படித்தேன். தம்பி அந்தத் துப்பாக்கியை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டுவா. குரங்குக் கூட்டம் நேற்றும் சமையலறை ஜன்னல் வழியாக வந்து ரொட்டிப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது

நான்: பெரியப்பா வேண்டாம். 1962 விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். அதைவிட, அந்தக் குண்டு நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் போகிறது, நமக்கு மாஸ்க் இருக்கிறது, குட்டியைச் சுமந்துகொண்டு ஓடும் குரங்குக்கு என்ன இருக்கிறது. கண்ணில் பட்டால் கண் போய்விடும்

மெரிபேங்க் பெரியப்பா: சுடச் சொல்லவில்லையே அம்மா, காட்டினால் போதும் என்றுதான்

ஃபீனிக்ஸ் மாமா: அத்தான், காட்டினால் அது உங்கள் கையிலிருந்து அதையும் பிடுங்கிக்கொண்டு போகும்

மெரிபேங்க் பெரியப்பா: 😄 அதுவும் சரிதான் மச்சான். ஜன்னலுக்குக் கம்பிவலை அடிக்கிறேன்

தம்பி: பேசிக்கொண்டிருந்ததற்கு வாருங்கள். மோட்டார் லோடர் வேண்டாமா அக்கா?

நான்: மோட்டாரிலேயே இரண்டு வகை. ஒன்று சும்மா கிளறிவிடுவது. உள்ளே ஒரு சின்னத் துடுப்பு சுற்றும், சாம்பார் அடிப்பிடிக்காமல் கரண்டி போடுகிறோமே, அவ்வளவுதான் வேலை. குண்டு தானாகத்தான் விழுகிறது, சிக்காமல் பார்த்துக்கொள்கிறது. இன்னொன்று பிடித்துத் தள்ளுவது. பல் வைத்த சக்கரம் ஒவ்வொரு குண்டாகப் பிடித்துக் கழுத்துக்குள் அழுத்திக்கொண்டே இருக்கும். டை ரோட்டர் அந்த வகை, மூன்று ஏஏ பேட்டரி, என்னிடம் இருப்பது அதுதான், அருமையான சாமான். ஆனால் விலை? உன் துப்பாக்கியின் விலையோடு சண்டைக்கு நிற்கும்

அம்மா: பேட்டரியா? லோட்ஷெடிங்கில் கரண்ட் போன சமயத்தில் இந்த வீட்டில் ஒரு பேட்டரி கூட மிஞ்சியதில்லை, எல்லாம் டார்ச்சுக்குள் போய்விட்டது

நான்: அதைச் சொல்லுங்கள் அம்மா. போன ஜூலையில் பேட்டரி இருந்தும் என் கதை கந்தல்தான். ஜோபர்க் குளிரில் காலை ஏழு மணிக்கு ஆட்டம், புல்லில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. டர்பனில் ஈரத்தில் குண்டு உப்புகிறது என்றால் இங்கே குளிரில் அப்பளமாகிவிடும், தொட்டால் உடையும். லோடர் பாட்டுக்குத் தள்ளுகிறது, உள்ளேயே ஒன்று உடைந்தது, அந்தப் பிசின் பட்டு அடுத்தது ஒட்டிக்கொண்டது, அதையும் தள்ளியது, அதுவும் உடைந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே மாம்பழக் கூழ். கூடெல்லாம் தக்காளித் தோல் மாதிரி சக்கரப் பல்லில் சுற்றிக் கிடக்கிறது. அன்றைக்கு முழுக்க வாடகைத் துப்பாக்கியில்தான் விளையாடினேன். அதில் இருந்தது என்ன ஹாப்பர் தெரியுமா

ஃபீனிக்ஸ் மாமா: சாதா ஹாப்பர் 😎

நான்: சாதா ஹாப்பர்

சாட்ஸ்வர்த் சித்தி: ஒரு நிமிஷம். அந்தக் கூடு என்கிறீர்களே, அது எதில் செய்தது?

நான்: ஜெலட்டின் சித்தி

சாட்ஸ்வர்த் சித்தி: ஜெலட்டின் என்றால் ஜெல்லி மிட்டாயில் போடுகிறார்களே அதுவா? பன்றியா மாடா?

நான்: இரண்டில் ஒன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் சாயத்தில் பிரச்சினை இல்லை, அது பாலிஎத்திலீன் கிளைகால், தண்ணீரில் கழுவினால் போய்விடும்

சாட்ஸ்வர்த் சித்தி: 24-ஆம் தேதி புரட்டாசி! நாடே அன்றைக்கு பிராய் போட்டுக் கறி சுடும், நாங்கள் மட்டும் சோளமும் உருளைக்கிழங்கும் சுடப்போகிறோம் என்று நான் ஏற்கெனவே மனசைத் தேற்றிக்கொண்டு இருக்கிறேன், இதில் கறிக் குண்டை மேலே அடிப்பீர்களா?

ஃபீனிக்ஸ் மாமா: சாப்பிடச் சொல்லவில்லை தங்கச்சி, மேலேதானே படுகிறது

சாட்ஸ்வர்த் சித்தி: வாயில் தெறித்தால்?

நான்: மாஸ்க் வாய் வரைக்கும் மூடும் சித்தி. எப்படியும் மைதானத்துக்குள் அதைக் கழற்றவே விட மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றுங்கள்

சாட்ஸ்வர்த் சித்தி: பார்க்கலாம். நான் சாப்பாட்டு மேசையில்தான் உட்காருவேன். மகளை அனுப்புகிறேன், அவள் போன வாரமே முட்டை ரொட்டி சாப்பிட்டு மாட்டிக்கொண்டவள்

தம்பி: சித்தி முடித்துவிட்டீர்களா 😅 அக்கா, சைக்ளோன் என்று ஒன்று சொல்கிறார்களே?

நான்: அட, அதை மறந்தே போனேன். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அதுதான், யார் யோசித்தார்களோ கையெடுத்துக் கும்பிடலாம். டிப்மேன் ஏ-5-இல் வருவது. ஒவ்வொரு தடவை சுடும்போதும் வீணாகப் போகிற கேஸில் கொஞ்சத்தை எடுத்து ஒரு பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளும், ஒரு குண்டு உள்ளே போகும். நீ எவ்வளவு வேகமாகச் சுடுகிறாயோ அதே வேகத்தில் அதுவும் சுற்றும். பேட்டரியே கிடையாது. 98-க்கும் அந்த கிட் கிடைக்கும். ஆனால் துப்பாக்கியைப் பிரித்துத்தான் மாட்ட வேண்டும், ஹாப்பரும் அதற்கென்று வாய் அகலமானது வாங்க வேண்டும்

ஃபீனிக்ஸ் மாமா: பிரித்தால் ஒரு ஸ்ப்ரிங் கட்டிலுக்கடியில் போகும், அப்புறம் 24-ஆம் தேதி நீயும் சித்தியோடு மேசையில்தான்

நான்: அதேதான். தம்பி, என் முடிவைச் சொல்கிறேன். 24-க்கு சாதா ஹாப்பர். அந்தக் காசில் நல்ல குண்டு வாங்கு, ஆட்டத்தன்று காலையில் வாங்கு, நிழலில் வை. ஹாப்பர் பாதி ஆகும்போதே நிரப்பிவிடு, 140 பிடிக்கிற குப்பி இரண்டு இடுப்பில் இருந்தால் தாராளம். பாதி காலியான ஹாப்பர் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும், நீ எந்தப் புதரில் இருக்கிறாய் என்று ஊருக்கே தெரியும். பிடித்துப்போய் மாதாமாதம் விளையாடுவாய் என்றால் டிசம்பரில் சைக்ளோன் கிட் நான் வாங்கித் தருகிறேன், நானே வந்து மாட்டியும் தருகிறேன்

தம்பி: சிக்கினால்?

ஃபீனிக்ஸ் மாமா: தலைக்கு மேலே தூக்காதே, அதுதான் முதல் பாடம் 😄 பீப்பாயைத் தரையைப் பார்த்து வைத்துக்கொள், உள்ளங்கையால் ஹாப்பரின் பக்கத்தில் ஒரு தட்டு. இறங்கவில்லை என்றால் 98-இல் ஹாப்பர் உட்காரும் முழங்கை மாதிரி வளைந்த குழாய் இருக்கிறதே, அதன் கொக்கியை விட்டால் அப்படியே திரும்பிக்கொள்ளும், விரலால் ஒன்றைத் தள்ளிவிட்டு மூடு. மாஸ்க்கைக் கழற்றாமல்

தம்பி: ஒரு தட்டு, ஒரு கொக்கி. சரி மாமா

ஃபீனிக்ஸ் மாமா: இன்னொன்று. 1981-இல் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் முதல் முதலாக இதை விளையாடியது 12 பேர். மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போடுகிற துப்பாக்கியை வைத்துத்தான் விளையாடினார்கள். கொடியெல்லாம் எடுத்து ஜெயித்தவர் ஒரு குண்டு கூடச் சுடவில்லை

தம்பி: அப்போது ஹாப்பரே வேண்டாமா 😜

நான்: உன் குறியைப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்

அம்மா: சரி, புதுசு வாங்க வேண்டாம். மாமா வீட்டு கராஜில் பழைய ஹாப்பர் கிடக்கும் என்று ஞாபகம்

ஃபீனிக்ஸ் மாமா: ஆமாம் கருப்பு நிறம். இருங்கள் பார்க்கிறேன்

ஃபீனிக்ஸ் மாமா: கராஜில் இல்லை. ஆயாவைக் கேட்டேன். கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டு அதில் தினை போட்டு வைத்திருக்கிறார்கள், தூக்கணாங்குருவிக்காம்

நான்: 😂 சிக்காமல் விழுகிறதா?

ஃபீனிக்ஸ் மாமா: கீழே ஒரு தட்டு முழுக்க விழுந்து கிடக்கிறது. கழற்றப் போனேன், ஆயா கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பார்க்கிறார்கள்

தம்பி: சரி மாமா, கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன்